தூக்குவாளியில் கரைந்த சாட்சி

அந்தச் சமையலறையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாதி வழக்கு அதில்தான் இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது அப்போது தெரியாது.

வாசற்படியை மறித்தாற்போல், கூடத்திலிருந்து இழுத்து வந்த பிரம்பு நாற்காலியில் இன்ஸ்பெக்டர். எதிர்க்கட்டடத்தின் சுவரை மட்டுமே காட்டும் ஜன்னலின் திட்டில், இறந்துபோனவரின் மகன். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டில் வேலை செய்த பெண். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்க நாற்காலியில் கடிதக்காரர். அந்தப் பக்க நாற்காலியில் அவருடைய உதவியாளன் வாலு.

மேசையின் நடுவே மூடி திறந்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று. அதில் பருப்பு சூப். சூப்பின் நடுவில், சாம்பல் நிறத்தில், இன்னும் கரையாத ஒரு ஐஸ் கட்டி. அதை யாரும் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதக்காரருக்குத் தொழில் துப்பறிவது. ஒவ்வொரு வழக்கையும் முடித்துவிட்டுத் தன் கையாலேயே, பத்திக்கு எண் போட்டு, கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுவார். அதனால் வந்த பெயர். அவருக்கு யாரும் பதில் எழுதியதாக வாலுவுக்கு நினைவில்லை. வாலு எப்போதும் அவர் பின்னாலேயே திரிவதால் வாலு. வாயைத் திறந்தால் இன்னொரு காரணமும் விளங்கும்.

"நடந்தது இவ்வளவுதான்," என்றார் இன்ஸ்பெக்டர். "பெரியவர் தனியா இருந்தார். சம்சாரம் போய் ரெண்டு வருஷம். இன்னைக்கு மத்தியானம் மகன் வந்து சாவி போட்டுத் திறந்திருக்கார். அப்பா இந்த இடத்துல விழுந்து கிடக்கார், தலையில அடி. பக்கத்துல ஸ்டூல் சாஞ்சு கிடக்கு. தரையில ஒரு தட்டு. உடம்பை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. ராத்திரியா காலையான்னு டாக்டரால இப்போ சொல்ல முடியலை. ஆனா என்னால முடியும்."

"எப்படி சார்?" என்றான் வாலு.

"ஐஸ் சொல்லுது. எங்க வீட்ல மீனைக் காலையில வெளிய எடுத்து வெச்சா, மத்தியானம் நடுவுல மட்டும் கொஞ்சம் ஐஸ் இருக்கும். இதுவும் அப்படித்தானே இருக்கு? அப்போ இதைக் காலையிலதான் எடுத்து வெச்சிருக்கணும். அப்போ காலையில பெரியவர் உயிரோட இருந்திருக்கார். காலையில மாடியேறி வந்தது யாரு? இந்தம்மா மட்டும்தான். கீழ்வீட்டு டெய்லர் பார்த்திருக்கார். மேல் அலமாரியில எதையோ எடுக்கப் போயிருக்கா, பெரியவர் பிடிச்சிட்டார், தள்ளிவிட்டுட்டா."

"நான் உள்ளேயே வரலை சார்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "பெல் அடிச்சேன். திறக்கலை. காய் வாங்கப் போயிருப்பார்னு படியில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். வரலை. போயிட்டேன். எங்கிட்ட சாவியும் கிடையாது."

"பெல் அடிச்சதுக்கு சாட்சி?"

"பெல்லுதான் சார்."

ஜன்னல் திட்டிலிருந்து மகன் முதல் தடவையாகப் பேசினான். "அவங்களை விட்டுடாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது." குரலில் கோபத்தைவிடத் தூக்கமின்மை அதிகம்.

அவள் இரண்டு வருடமாகக் கடிதக்காரரின் அலுவலகத்தையும் கூட்டிப் பெருக்குகிறவள். போலீஸ் பிடித்ததும் அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே தொலைபேசி எண் அந்த அலுவலகத்துடையதுதான். சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் கேஸ் எழுதிவிட்டால் பிறகு ஒரு வீட்டிலும் அவளுக்குக் கதவு திறக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்குக் கூடுதலாகவே தெரியும்.

"அக்கா உள்ள போயிட்டா நம்ம ஆபீஸை நான்தான் கூட்டணும்," என்றான் வாலு. "அதுக்காகவாவது ஏதாவது கண்டுபிடிங்க சார்."

கடிதக்காரர் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவர் என்ன வேலை பார்த்தார்?"

"ஐஸ் ஃபேக்டரியில ஃபிட்டர்," என்றான் மகன். "அப்புறம் கோல்டு ஸ்டோரேஜ்ல. ரிட்டயர் ஆகறவரைக்கும் குளிரோடதான் குடித்தனம்."

"ஃப்ரீசரைத் திற."

வாலு எழுந்து போய்த் திறந்தான். உள்ளே தட்டை தட்டையான பிளாஸ்டிக் டப்பாக்கள், புத்தகம் அடுக்கியது போலச் செங்குத்தாக நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிமன். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு. அதற்கு மேல் இல்லை.

"லைப்ரரி மாதிரி இருக்கு சார். ஆனா எல்லாம் ஒரே புத்தகம்."

"ஞாயித்துக்கிழமை மொத்தமா சமைப்பார்," என்றாள் அவள். "வாரம் பூரா அதுதான். சாயங்காலம் ஒண்ணை எடுத்துத் தண்ணியில போட்டுடுவார். தட்டையா இருந்தாத்தான் சீக்கிரம் இளகும், குண்டா இருந்தா நடு வயித்துல ஐஸ் பிடிவாதமா உக்காந்துக்கும்பார்."

கழுவுதொட்டியில் ஒரு பேசின் இருந்தது. அதில் தண்ணீர். தண்ணீரில் அதே மாதிரி ஒரு தட்டை டப்பா மிதந்தது. மூடி திறக்கப்படவே இல்லை. உள்ளே முழுவதும் இளகி, அறையின் சூட்டுக்கே வந்திருந்தது.

"இது?" என்றார் கடிதக்காரர்.

"நேத்து ராத்திரி சாப்பாடு. பசிச்சிருக்காது, விட்டுட்டார்," என்றார் இன்ஸ்பெக்டர். "வயசானவங்க அப்படித்தான்."

"குளிரையே வேலையாப் பார்த்த மனுஷன், சாப்பாட்டை எடுத்து இளக வெச்சுட்டு, சாப்பிடாம, திருப்பி ஃப்ரிட்ஜ்லயும் வைக்காம தூங்கிட்டாரா?"

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதோ பாருங்க. அந்தச் சூப்பைக் கொட்டிட்டு வாளியை மட்டும் எடுத்துட்டுப் போகப்போறோம். நாத்தம் வந்துடும்."

"எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. சாட்சி இன்னும் பேசி முடிக்கலை."

"எந்த சாட்சி?"

"இப்போ கரைஞ்சிட்டு இருக்கே, அது."

அடுப்புத் திட்டில் சமையல் தராசு ஒன்று இருந்தது. கடிதக்காரர் தூக்குவாளியைத் தூக்கிப் பார்த்தார். அது நின்ற இடத்தில் மேசை மரத்தில் ஒரே ஒரு ஈர வட்டம், எங்கும் கலையாமல். வாளிமேல் வேர்த்து வழிந்த தண்ணீர், அது அசையாமல் ஒரே இடத்தில் நின்றதைக் கோடு போட்டுக் காட்டியிருந்தது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டு, மொத்தத்தையும் நிறுத்தார். வாளி போக இரண்டு கிலோ சூப். பிறகு ஓட்டைக் கரண்டியால் ஐஸை மட்டும் அள்ளி நிறுத்தார். அரை கிலோ. அதைத் திரும்பவும் வாளியில் விட்டு, வாளியை அதே வட்டத்தின் மேல் வைத்தார்.

"இப்போ?" என்றான் வாலு.

"இப்போ சும்மா இருக்கணும். உன்னால முடியுமான்னு பார்ப்போம்."

அந்த ஒரு மணி நேரம் நீளமானது. மகன் ஜன்னலுக்கு வெளியே இருந்த சுவரைப் படித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கண்ணயர்ந்தார். அவள் தரையிலிருந்த ஒரு கறையை, கையில் துணியில்லாமல், விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசர் மட்டும் அவ்வப்போது உறுமிவிட்டு அடங்கியது. தினமும் சாயங்காலம் இந்த அறையில் இந்தச் சத்தம்தான் பேச்சுத்துணையாக இருந்திருக்கும் என்று கடிதக்காரர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டில் ஃப்ரீசர் கிடையாது. சுவர்க் கடிகாரம் உண்டு.

"ஒரு சந்தேகம் சார்," என்றான் வாலு, சமாளித்த வரைக்கும் சமாளித்துவிட்டு. "ஒண்ணைத் தண்ணியில போட்டிருக்கார், இன்னொண்ணைக் காத்துல வெச்சிருக்கார். ரெண்டும் ஒண்ணுதானே?"

"குளிர்காலத்துல ஆத்தங்கரையில நின்னிருக்கியா?"

"நின்னிருக்கேன்."

"அதே நேரம் ஆத்துக்குள்ள?"

"அய்யோ."

"உன் உடம்புச் சூட்டைக் காத்து கிள்ளிக் கிள்ளி எடுக்கும். தண்ணி வாரி எடுத்துடும். குடுக்கறதும் அப்படித்தான். அவசரம்னா தண்ணி, அவசரமில்லைன்னா காத்து. இந்த வாளிக்கு அவர் அவசரப்படலை. அதுக்கு நிறைய நேரம் இருக்குன்னு நெனச்சு வெச்சிருக்கார்."

வாலு நாற்காலியில் சாய்ந்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கடிதக்காரர் அதைக் கவனித்தார். கேட்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சாட்சி போதும்.

மணி ஆனதும் மறுபடி ஐஸை அள்ளி நிறுத்தார். இன்ஸ்பெக்டரையே முள்ளைப் படிக்கச் சொன்னார்.

"நானூத்தி இருபது."

கடிதக்காரர் ஐஸைத் திரும்ப வாளியில் விட்டார். "ஒரு மணி நேரத்துல எண்பது கிராம். இதே வேகத்துல காலையிலேர்ந்து எவ்வளவு கரைஞ்சிருக்கும்? இந்தம்மா வந்தது ஏழு மணி. நான் முதல்ல நிறுத்தது ரெண்டு மணி."

இன்ஸ்பெக்டர் விரல் விட்டார். "ஏழு மணி நேரம். அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல."

"அப்போ ஒண்ணரை கிலோவுக்குக் கிட்ட ஐஸா இருக்கணும். இருந்தது அரை கிலோ."

"முதல்ல வேகமாக் கரைஞ்சிருக்கும். அப்புறம் மெதுவாயிருக்கும்."

"ஒரு துண்டு ஐஸ் மிச்சம் இருக்கறவரைக்கும் சூப்புக்குச் சூடு ஏறாது. வர்ற சூட்டையெல்லாம் ஐஸே தின்னுடும். உள்ளே அதே குளிர், வெளியே அதே அறை, நடுவுல அதே வாளி. அப்போ உள்ளே போற சூடும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஜன்னல் சாத்தியிருக்கு, வெயில் வராத அறை, பகல்லயே விளக்கு போடறீங்க."

"வெந்நீர்ல வெச்சு எடுத்திருந்தா?"

"வாளி நகரலை. வட்டத்தைப் பார்த்தீங்க."

இன்ஸ்பெக்டர் மேசைக்கு அருகில் வந்து குனிந்து வட்டத்தை மறுபடி பார்த்தார். "எங்க வீட்டு மீன்..."

"தட்டையா இருக்கும். நாலு பக்கமும் காத்து படும். இது குண்டு வாளி. நடுவுல இருக்கற ஐஸுக்கு வெளியில நடக்கறதே தெரியாது. ஒண்ணரை கிலோ கரையணும்னா இந்த வேகத்துல பத்தொன்பது மணி நேரம் ஆகும். பின்னால எண்ணிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் எண்ணினார். முகம் மாறியது. "நேத்து ஏழு மணி. சாயங்காலம்."

"ஃப்ரீசரோட கடுங்குளிர் விடறதுக்கே கொஞ்ச நேரம் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் முன்னாலன்னே வெச்சுக்கலாம். அந்த நேரத்துல பெரியவர் ராத்திரிக்கான டப்பாவைத் தண்ணியில போட்டார். வாளியை மேசையில வெச்சார். ராத்திரி சாப்பிடவே இல்லை. காலையில எழுந்திருந்தா இந்த வாளியையும் தண்ணியில இறக்கி அவசரப்படுத்தியிருப்பார், இல்லைன்னா இன்னைக்குச் சாப்பிட ஆகாது. அவர் தொழில் அது. இறக்கலை. இந்தம்மா பெல் அடிச்சப்போ திறக்க ஆள் இல்லை."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சாட்சி சொல்லிடுச்சு," என்றான் வாலு. "ஆனா அழுக்குத் தண்ணி மாதிரி இருக்கு. கோர்ட்டுல கூண்டுல ஏத்தினா ஒழுகிடும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் தொண்டையைச் செருமி. "அப்போ நேத்து சாயங்காலம் வந்தது யாரு? ஸ்டூல், தட்டு..."

கடிதக்காரர் தரையிலிருந்தவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க அப்போ ஏதோ சொல்ல வந்தீங்க. தம்பியைப் பார்த்து."

அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்த நாற்காலி சார். அதுல யாரும் உக்கார முடியாது. எப்பவும் பழைய பேப்பர்தான் இருக்கும், கழுத்தளவு. எடுக்கட்டுமான்னு கேட்டா, யாரு வரப்போறா, இருக்கட்டும்பார். தம்பி அதுல உக்காந்ததைப் பார்த்ததுமே நெஞ்சு திக்குன்னுச்சு."

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு கூடத்து மூலையைப் பார்த்தார்கள். பழைய பேப்பர் அடுக்கு, சணல் கயிற்றால் புதிதாகக் கட்டப்பட்டு, அங்கே நின்றது. வாலு மெதுவாக எழுந்துகொண்டான்.

"தட்டு எத்தனை அம்மா இந்த வீட்ல?"

"கீழ ஒண்ணுதான் சார். மத்ததெல்லாம் அம்மா போனப்புறம் மேல ஏத்திட்டார்."

அந்த ஒரு தட்டு கழுவுதொட்டியின் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்த தட்டைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். மேல் அலமாரியைப் பார்த்தார். அதன் ஒரு கதவு திறந்தே இருந்தது.

"யாரும் தள்ளலை," என்றார் கடிதக்காரர். "ரெண்டாவது தட்டு எடுக்க ஏறியிருக்கார்."

"இந்த வாளி?"

பதில் அவளிடமிருந்து வந்தது. "அது ஃப்ரீசர்ல அடியில இருக்கும் சார். தொடாதேன்னு சொல்லியிருக்கார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் செஞ்சு வெச்சது. கடைசியா சமைச்சது. ரெண்டு வருஷமா அப்படியே இருந்துச்சு."

"இதை ஏன் முன்னாலயே சொல்லலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க தள்ளினியான்னுதான சார் கேட்டீங்க."

மகன் ஜன்னல் திட்டிலிருந்து இறங்கிவிட்டிருந்தான். மேசை அருகே வந்து வாளியின் கைப்பிடியைத் தொட்டான். அதன் ஒரு முனையில் நெளிந்துபோன இடத்தில் கட்டைவிரல் தானாகவே போய் உட்கார்ந்தது. "இது என் ஹாஸ்டலுக்குக் கொண்டுவர்ற வாளி," என்றான். "பஸ்ஸுல அம்மா மடியில வெச்சுட்டு வருவாங்க. நான் பார்க்கவே இல்லை. இவ்வளவு நேரம் இதே ரூம்ல இருந்தும் பார்க்கவே இல்லை."

கடிதக்காரர் சத்தமில்லாமல் கேட்டார். "நேத்து சாயங்காலம் அப்பாகிட்ட பேசினீங்க. அவர் போன்ல பதிவு இருக்கு. உடம்பு விசாரிச்சேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வர்றேன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"ஒரு வருஷம் ஆச்சு வந்து. சரின்னு மட்டும் சொன்னார். அவர் எப்பவும் அவ்வளவுதான் பேசுவார்."

"ராத்திரி பத்து மணிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கீங்க."

ஃப்ரீசர் உறுமத் தொடங்கியது. அது அடங்கிய பிறகுதான் மகனுக்குக் குரல் வந்தது. "வரலைன்னு சொல்றதுக்கு. வேலை இருந்துச்சு. வேலைன்னு சொல்றேன், ஒண்ணும் இல்லை, கிளம்பப் பிடிக்கலை. அவர் எடுக்கலை. என் நம்பரைப் பார்த்துட்டு வேணும்னேதான் எடுக்கலைன்னு நெனச்சேன். காலையிலயும் எடுக்கலை. கோவத்துல கிளம்பி வந்தேன். நேர்லயே கத்திட்டுப் போயிடலாம்னு." அவன் தரையில் இருந்தவளைப் பார்த்தான், உடனே பார்வையை எடுத்துக்கொண்டான். "யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சு."

அவள் எழுந்து, பழக்கத்தில், சாய்ந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தப் போனாள். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டியதும் விட்டுவிட்டாள்.

"எல்லாம் சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா இந்தம்மா மேல புகார் வாயால வந்துச்சு, மேலிடத்துக்கும் போயாச்சு. நானா விட முடியாது. பெரிய அதிகாரி கையெழுத்துப் போடணும். ஐஸ் சொல்லிச்சுன்னு போய் நான் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். எழுதிக் கொடுங்க."

"அதுக்குத்தானே சாருக்குப் பேரே வெச்சிருக்கு," என்றான் வாலு. பையிலிருந்து கோடு போட்ட தாளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தான்.

கடிதக்காரர் மேசையிலேயே எழுதினார். முதல் பத்தியில் இருந்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது. இரண்டாவதில் வாளியின் எடை, ஐஸின் எடை, ஒரு மணி நேரத்தில் குறைந்தது, முள்ளைப் படித்தவர் இன்ஸ்பெக்டர் என்பது. மூன்றாவதில் பேசினும் திறக்காத டப்பாவும். நான்காவதில் நாற்காலி, தட்டு. ஐந்தாவதற்கு வந்தபோது பேனா நின்றது.

மகன் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். "ராத்திரி கூப்பிட்டதையும் எழுதணுமா?"

"கூப்பிட்டீங்க, பதில் இல்லை. பத்து மணிக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சுடுச்சுங்கறதுக்கு அது வேணும். என்ன சொல்றதுக்காகக் கூப்பிட்டீங்கங்கறது வேண்டாம். அந்தம்மாவுக்கு அது தேவையில்லை."

"ஆனா உண்மை அதுதானே."

"உண்மையில இன்னொரு பாதி இருக்கு." கடிதக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க வரலைங்கறதை அவர் கேக்கவே இல்லை. பேப்பரைக் கட்டி மூலையில வெச்சார். உங்க அம்மா வாளியை வெளிய எடுத்தார். உங்களுக்குத் தட்டு எடுக்க ஏறினார். அவருக்குத் தெரிஞ்சவரைக்கும், தம்பி, நீங்க வர்றீங்க."

மகன் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்காக ஒழிக்கப்பட்ட நாற்காலி அது. வாளியைத் தன் பக்கம் இழுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அதில் மிச்சமிருந்த ஐஸ் கட்டி பக்கவாட்டில் சாய்ந்து, வாளியின் சுவரில் மெதுவாக ஒருமுறை தட்டியது.

ஐந்தாவது பத்தி இரண்டே வரியில் முடிந்தது. ஆறாவதில், இந்தப் பெண்மேல் சொன்ன புகார் தவறு என்று மகன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் அதன் கீழே போட்டார். கடிதக்காரர் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, மேலே கட்டைவிரலால் நீளத்துக்கும் ஒருமுறை அழுத்தினார்.

"குடுங்க சார், நான் ஓடிப்போய் கொடுத்துட்டு வர்றேன்," என்று வாலு கையை நீட்டினான்.

"வேண்டாம்," என்றான் மகன். "நானே கொண்டுபோறேன்." பிறகு அவளைப் பார்த்து, "நீங்களும் வாங்கக்கா. உங்களை வெச்சுக்கிட்டே கொடுத்துடறேன்," என்றான்.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பிரம்பு நாற்காலியை நகர்த்தி வாசலை விட்டார். கடிதம் மகனின் சட்டைப் பையில் ஏறியது. படியில் அவர்கள் இருவரின் காலடி, ஒன்றன்பின் ஒன்றாக, கீழே இறங்கிப்போனது.